குடியை விட்டோர் குடியிருக்கும் இல்லம்

என்னோடு ஒரே பாடசாலையிற் பதினோராண்டு படிப்பித்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் மக்கள் இருக்கிறார்கள். கரும்பலகையில் அவர் ஒரு கணக்கைச் செய்துகாட்டினால் வகுப்பிலே மிக மந்தமான பிள்ளைக்கும் அது விளங்கிவிடும். ஆனால் மாலையானதும் அவர் வேறு மனிதர். சம்பள நாளன்று அவரை வீட்டிற் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எங்களில் இருவர் காவல் போவோம்.

1979ஆம் ஆண்டில் நண்பர்கள் கூடி அவரைக் கொழும்பிலே ஒரு மருத்துவமனையிற் சேர்த்தோம். ஆறு வாரங் கழித்து முகந்தெளிந்து, கைநடுக்கம் நீங்கித் திரும்பி வந்தார். வந்தது எங்கே? அதே வீட்டுக்கு, அதே ஒழுங்கைக்கு, ஒழுங்கை முடக்கிலிருந்த அதே தவறணைக்கு. நாங்களும் எங்கள் அறிவுக்கு எட்டியவாறு ஓர் ஏற்பாடு செய்தோம். அவருடைய சம்பளத்தை நான் பொறுப்பேற்று மனைவியிடம் ஒப்படைப்பது. வங்கிப் புத்தகம் என் அலுமாரியில் இருப்பது. நாள்தோறும் பஸ்ஸுக்கு வேண்டிய காசை மட்டும் எண்ணி அவர் கையிற் கொடுப்பது. ஏழு மாதம் அப்படி நடந்தது. எட்டாம் மாதம் மறுபடியும் குடித்தார். இரண்டாண்டில் இறந்தார். “மனவுறுதி இல்லாத மனுசன்” என்று செத்தவீட்டிற் பலரும் பேசிக்கொண்டார்கள். நான் அதை மறுக்கவில்லை.

மறுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஏறக்குறைய நாற்பதாண்டு கழித்து, கடலுக்கு அப்பால்.

2018ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மகனோடு சிலகாலம் தங்குவதற்காக அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். தலைநகர் வாஷிங்டனை அடுத்த சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊர். மாலையில் நான் உலாவப் போகும் வழியில் ஒரு பெரிய வீடு. அதன் முற்றத்திற் சருகு வாரிக்கொண்டிருக்கும் ஒருவர் என்னைக் கண்டால் தலையசைப்பார். “அது ஒக்ஸ்போர்ட் இல்லம், அப்பா. குடியையும் போதைப்பொருளையும் விட்டவர்கள் சேர்ந்திருக்கிற வீடு” என்றான் மகன். அடுத்த நாள் அவ்வழியே போனபோது வாயிலில் ஒரு பெயர்ப்பலகையைத் தேடினேன், இல்லை. காவலாளியைத் தேடினேன், அவனும் இல்லை. ஒக்ஸ்போர்ட் என்ற பெயரைக் கேட்டதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தருமம் போலும் என்று எண்ணியது என் ஆசிரியப் புத்தி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1935இலே தோன்றிய ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்னும் சங்கத்தை, பெயர் வெளியிடாக் குடிகாரர் சங்கம் எனலாம், நிறுவியவர்கள் ‘ஒக்ஸ்போர்ட் குழு’ என்ற சமய இயக்கத்தினாற் கவரப்பட்டவர்கள். அந்த நன்றிக்காக இட்ட பெயர் இது.

இவ்வில்லங்களின் கதை தொடங்கியதும் அதே சில்வர் ஸ்பிரிங்கில்தான். 1975இல் அங்கே உள்ளூர் அரசு நடத்திவந்த ஓர் இடைவழி விடுதி இருந்தது; மருத்துவமனைக்கும் உலகத்துக்கும் நடுவே குடிநோயாளர் தங்கிச் செல்லும் இடம். பணமில்லையென்று அதனை மூடப்போவதாக அறிவித்தார்கள். உள்ளே பதின்மூன்று ஆண்கள். அவருள் ஒருவர் போல் மொலோய். அமெரிக்க செனட் சபைக் குழுவொன்றிற் சட்ட ஆலோசகராக இருந்து, குடியினாற் குடும்பத்தை இழந்து அங்கே வந்து சேர்ந்தவர். இவர்கள் கூடியிருந்து கணக்குப் பார்த்தார்கள். விடுதிச் செலவிற் பெரும்பகுதி தங்களை மேய்ப்பதற்கு வைத்த மேலாளருக்கும் ஊழியருக்கும் போவதைக் கண்டார்கள். வாடகையும் சோறும் தாங்களே உழைத்துக் கொடுக்கக்கூடியவை. மேய்ப்பன் இல்லாமலே இருந்தால் என்ன? இப்படியாக அவ்வீட்டை அவர்களே வாடகைக்கு எடுத்தார்கள்.

அவர்கள் மாற்றியது இன்னொன்றும் உண்டு. முன்னைய விடுதியில் ஆறு மாதமானால் வெளியேற வேண்டும். அப்படி நாட்கணக்கு முடிந்து போனவர்களிற் பெரும்பாலோர் மீண்டும் குடியில் வீழ்ந்ததை மொலோய் கண்முன்னே கண்டவர். ஆகவே புதிய வீட்டிலே தவணை இல்லை. குடிக்காமலும், பங்கைச் செலுத்தியும் இருக்கிறவர் வேண்டிய காலமெல்லாம் இருக்கலாம்.

சருகு வாரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மகனையும் கோப்பி குடிக்க உள்ளே அழைத்தார். ஏதோ ஓர் ஆச்சிரமத்தை எதிர்பார்த்துப் போனேன். கண்டது எட்டுப்பேர் வாழும் ஒரு வீடு. குசினிச் சுவரிலே யார் எந்நாள் பாத்திரங் கழுவுவது, யார் குளியலறை துடைப்பது என்று எழுதிய தாள். குளிர்ப்பெட்டியின் தட்டுக்களிலே ஆளுக்கொரு பெயர். வாரம் ஒருமுறை எல்லோரும் மேசையைச் சுற்றியிருந்து கூட்டம் நடத்துகிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வாக்கெடுப்பிலே தெரிவாகிறவர்கள் ஆறு மாதத்துக்குமேல் ஒரே பதவியில் இருப்பதில்லை. நிலையாக ஒருவர் நாட்டாண்மை செய்யலாகாது என்பதற்காக. புதிதாக ஒருவர் வந்து சேரவேண்டுமாயின் இருப்பவர்களில் நூற்றுக்கு 80 பேரின் வாக்கு வேண்டும்.

சருகு வாரியவர்தாம் அவ்வேளை பொருளாளர். வாடகை, மின்சாரம், எரிவாயு எல்லாவற்றுக்கும் அவரே பணஞ் செலுத்துபவர். வாரந்தோறும் கூட்டத்தில் அவர் வாசிக்கும் கணக்குப் புத்தகத்தை, நான் ஆசிரியன் என்று கேட்டதனாலோ என்னவோ, எடுத்துக்காட்டினார். நேர்த்தியான கணக்கு. அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன் தாயாரின் மோதிரத்தை விற்றுக் குடித்தவர் தாம் என்று, புத்தகத்தை மூடும்போது மெல்லச் சொன்னார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் கணித ஆசிரியரை நாங்கள் நேசித்தோம், அதில் ஐயமில்லை. ஆனால் அவரிடம் நாங்கள் ஒன்றையும் ஒப்படைக்கவில்லை. இரண்டு ரூபாவுக்கும் நம்பாத மனிதரிடம் மனவுறுதியை மாத்திரம் எதிர்பார்த்தோம். மருத்துவம் சாராயத்தை உடம்பிலிருந்து சில வாரங்களில் இறக்கிவிடும். மாலை ஆறுமணிக்கு அந்த மனிதர் யாரோடு இருப்பது, என்ன செய்வது, அவரை நம்பி இருப்பவர் எவர் என்ற கேள்விகளுக்கு மருந்துச் சீட்டிலே விடையில்லை. அந்த வீட்டிலே ஒருவர் குடித்தால் மற்ற ஏழுபேருக்கும் வாடகை இடிக்கும். காவலாளி செய்ய முடியாததை அந்தக் கடமை செய்கிறது என்று நினைக்கிறேன்.

இதனை மென்மையான ஏற்பாடு என்று எவரும் எண்ணவேண்டாம். இவ்வில்லங்களுக்கு மூன்று நிபந்தனைகள்: தம்மைத் தாமே ஆளவேண்டும், தம் செலவைத் தாமே சுமக்கவேண்டும், மீண்டும் குடித்தவரையோ போதைப்பொருள் தொட்டவரையோ உடனே வெளியேற்ற வேண்டும். மூன்றாவது கொடிது. வெளியே பனியாக இருந்தாலும், நேற்றுவரை ஒன்றாக உண்டவராக இருந்தாலும், கூட்டம் கூடி வாக்களித்து அனுப்பிவிடுகிறார்கள். “கையை உயர்த்தும்போது நாளைக்கு நானாகவும் இருக்கலாம் என்று தெரியும்” என்றார் பொருளாளர். அனுப்பப்பட்டவர் அன்றிரவு எங்கே போவார் என்ற என் கேள்விக்கு அவர் தந்த விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை, இப்போதும் தரவில்லை. ஆனால் விதியைத் தளர்த்தினால் மற்ற ஏழுபேரின் வீடும் போய்விடும் என்பதை மறுக்கவும் தெரியவில்லை.

ஒரு வீட்டிலிருந்து இன்று அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்கள் பெருகியிருக்கின்றன; பெண்களுக்கென்றும், பிள்ளைகளோடு தாய்மாருக்கென்றும் தனித்தனியே உண்டு. 1988இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஒவ்வொரு மாநிலமும் 100,000 டொலர் சுழல்நிதி வைத்து, ஆறுபேருக்குக் குறையாத குழு ஒரு வீடு தொடங்க 4,000 டொலர்வரை கடன் கொடுக்கவேண்டும் என்றது. அதை ஈராண்டில் தீர்க்க வேண்டும். இந்தக் கட்டாயம் பின்னாளில் நீக்கப்பட்டது. அயலார் எதிர்ப்புக்கும் குறைவில்லை. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரம், இரத்த உறவோ மண உறவோ இல்லாத ஐவருக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தால் அது ‘குடும்பம்’ ஆகாது என்ற தன் விதியைக் காட்டி ஓர் இல்லத்தோடு வழக்காடிற்று. 1995இல் உச்ச நீதிமன்றம், குடும்பம் இன்னதென்று வரையறுக்கும் அத்தகைய விதி, வீட்டுரிமைப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்குப் புறம்பாக நிற்கமாட்டாது என்று ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் தீர்த்தது. குடும்பம் என்பது யாது என்று நகரசபையும் நீதியரசரும் வழக்காட நேர்ந்ததே எனக்கு வியப்பு.

பயன் உண்டா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். சிக்காகோவின் டீபோல் பல்கலைக்கழகத்து லியனாட் ஜேசனும் துணைவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. சிகிச்சை முடித்த 150 பேரைச் சீட்டுப்போட்டாற்போலப் பிரித்து, பாதிப்பேரை ஒக்ஸ்போர்ட் இல்லங்களுக்கும் மற்றவரை வழக்கமான வழிக்கும் அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவில், வழக்கமான வழியிற் சென்றவரில் நூற்றுக்கு 64.8 பேர் மீண்டும் பழக்கத்தில் இருந்தனர். இல்லத்துக்குச் சென்றவரில் 31.3 பேர். மூன்றிலொருவர் அங்கும் தவறியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

பெயரை மட்டும் இரவல் வாங்கிய வீடுகளும் இருக்கின்றன. அரிசோனா மாநிலத்திலே, செவ்விந்தியக் குடிகளை அவர்களுடைய நிலத்திலிருந்து வாகனங்களில் ஏற்றிவந்து ‘குடியற்ற வாழ்வில்லம்’ என்று வைத்து, செய்யாத சிகிச்சைக்கு அரச மருத்துவ நிதியிற் பெருந்தொகை கறந்த மோசடியை 2023 மே மாதத்தில் மாநில அரசு வெளிப்படுத்தியது. கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டதும் வீடுகள் மூடப்பட்டு, நோயாளர் பலர் தெருவில் நின்றனர். அங்கே குடியிருந்தவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள்.

ஊர் திரும்பியபின் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம், அந்த வங்கிப் புத்தகம் கிடந்த தட்டு கண்ணிற் படுகிறது. ஒன்று சொல்லாமல் விட்டேன். அந்த ஏழு மாதத்தில் ஒருநாட் காலை, பஸ் வராமையால் நடந்தே வந்ததாகச் சொல்லி, முதல்நாள் நான் கொடுத்த காசை அவர் என் மேசைமீது திருப்பி வைத்தார். மூன்று மைல் நடந்த வியர்வை சட்டையிலே தெரிந்தது.

“எண்ணிப் பாரும், தம்பி” என்றார்.

நான் எண்ணிப் பார்த்தேன்.