பழைய காருக்குப் புதிய மூக்கு

தெம்பனிஸ் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது 1989ஆம் ஆண்டு டிசம்பரில். அதே ஆண்டு பிப்ரவரியில், சிக்காகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் ஒரு சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் காரை மேடையேற்றியது. பெயர் எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், திறந்து மூடும் கூரை, 1.6 லிட்டர் இன்ஜின். உலகில் மிக அதிகமாக விற்பனையான இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று பின்னாளில் அது கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது. 2016ல் பத்து லட்சமாவது காரும் ஆலையைவிட்டு வெளிவந்தது.

அந்த முதல் தலைமுறைக் காரைச் சிங்கப்பூரில் இன்றும் வைத்திருப்பது எளிதான காரியமா? இங்கு வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990 மே மாதம் நடப்புக்கு வந்தது. சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டுகள். 1990ன் பிற்பகுதியில் பதிவான ஒரு கார் இன்னும் சாலையில் ஓடுகிறது என்றால், அதன் உரிமையாளர்கள் 2000, 2010, 2020 என மூன்று முறை பணம் கட்டிச் சான்றிதழைப் புதுப்பித்திருக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியும் கூடுதல். ஆண்டுதோறும் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு செலவழித்துக் காப்பாற்றிய காரை ஒரு சின்னப் பெட்டி முடக்கிப் போட்டுவிடும். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார்தான் அது. அந்தக் காலத்துக் கார்களின் பழைய சென்சார் தேய்ந்துபோனால் புதியது கிடைப்பது அரிது. பயன்படுத்தியதை வாங்கினாலும் அதற்கும் முப்பது வயது ஆகியிருக்கும். அதனால்தான் பலர், "வேறு வகை சென்சாருக்கு மாற்றிவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

மாற்றலாம். ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

காற்றை ஏன் அளக்க வேண்டும்?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு காற்று உள்ளே வந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று இன்ஜின் கணினி முடிவு செய்யும். அந்தக் கணினியைப் பட்டறைகளில் ஈசியூ என்பார்கள்.

காற்றின் அளவு என்பது அதன் எடையைத்தான் குறிக்கும். காற்று சூடானால் லேசாகிவிடும். 0 டிகிரியில் இருக்கும் காற்றைவிட, நம் ஊர் 30 டிகிரிக் காற்று பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. மலை ஏறினாலும் காற்று லேசாகும். விடுமுறைக்கு மலேசியாவின் கெந்திங் மலைக்குக் காரில் போகிறவர்கள் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் சுவாசிக்கும் காற்று, தெம்பனிஸ் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு லேசானது. கார் சுவாசிப்பதும் அதே காற்றுதான்.

மூன்று வகை மூக்குகள்

முதல் வகை, கதவு போன்றது. காற்று போகும் வழியில் ஒரு தகடு வில்லின் பிடியில் மூடியிருக்கும். காற்று உள்ளே பாயும்போது தகடு திறந்துகொள்ளும். எவ்வளவு திறந்தது என்பதை ஒரு மின்முள் கரித்தடத்தின் மேல் நகர்ந்து காட்டும். போஷ் நிறுவனம் 1973ல் கொண்டுவந்த எல்-ஜெட்ரானிக் முறை இதுதான். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காரில் இருப்பதும் இந்த வகையே. இதற்குக் காற்றின் எடை நேரடியாகத் தெரியாது. தள்ளும் வேகம் மட்டுமே தெரியும். வெப்பத்தை அறிந்து ஈசியூ கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை, சூட்டுக் கம்பி. சுடச்சுடத் தேநீரை வாயால் ஊதினால் ஆறும் அல்லவா? மெல்ல ஊதினால் மெல்ல ஆறும், பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறும். காற்று வழியில் ஒரு மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி வைப்பார்கள். ஓடும் காற்று அதைக் குளிரவைக்கும். சூடு குறையாமல் இருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதை வைத்துக் காற்றின் எடையையே கணக்கிட்டுவிடலாம். 1980களின் தொடக்கத்தில் வந்த இந்த முறைதான் பின்னர் பெருவழக்கானது. 1994 மாடலில் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது மாஸ்டாவே கதவைக் கைவிட்டுச் சூட்டுக் கம்பிக்கு மாறிக்கொண்டது.

மூன்றாவது வகை காற்றோட்டத்தை அளப்பதே இல்லை. இன்ஜினின் உறிஞ்சுகுழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். பட்டறைகளில் இதை மேப் சென்சார் என்பார்கள். தெம்பனிஸ் நிலையத்தில் எத்தனை பேர் ரயில் ஏறினார்கள் என்று வாசலில் நின்று எண்ணாமல், ஒரு பெட்டியில் எவ்வளவு நெரிசல், மணிக்கு எத்தனை ரயில் என்று பார்த்துக் கணக்கிடுவது போன்றது இது. அழுத்தம், வெப்பம், இன்ஜின் சுழலும் வேகம் ஆகிய மூன்றையும் வைத்துக் காற்றின் அளவை ஈசியூ ஊகித்துக்கொள்ளும்.

இன்று பலரும் புதுமை என்று நினைத்து மாறும் இந்த முறை, உண்மையில் கதவு வகையைவிட மூத்தது. போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் 1967லேயே வோக்ஸ்வேகன் கார்களில் அழுத்தத்தை அளந்தது. 1980களின் டொயோட்டா ஏஇ86 காரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் விற்ற காரில் அழுத்த சென்சார். அமெரிக்காவுக்குப் போன காரில் கதவு சென்சார். ஏறத்தாழ ஒரே இன்ஜின், இரண்டு மூக்குகள். ஆக, எது உயர்ந்தது என்ற கேள்வியைவிட, எந்த மூக்கின் மொழி எந்த ஈசியூவுக்குப் புரியும் என்ற கேள்விதான் முக்கியம்.

ஒன்றைக் கழற்றினால் மூன்று போகும்

வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. கதவு சென்சார் ஒரு வேலை மட்டும் செய்வதில்லை. காற்றின் வெப்பத்தை அறியும் சிறு சென்சாரும் பெரும்பாலும் அதே பெட்டிக்குள்தான் இருக்கும். எம்எக்ஸ்-5 உட்படப் பல கார்களில் பெட்ரோல் பம்ப்பை இயக்கும் சுவிட்சும் அதற்குள்ளேயே உண்டு. தகடு திறந்தால் பம்ப் ஓடும், மூடினால் நிற்கும். விபத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் பெட்ரோல் பீறிடாமல் காக்கும் ஏற்பாடு அது.

பெட்டியைக் கழற்றியதும் காற்றின் அளவு, வெப்பம், பம்ப் மூன்றும் போய்விடும். சாவியைத் திருப்பினால் கார் ஒரு கணம் உயிர்பெற்று உடனே அணைந்துவிடும். சிலர் பம்ப்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். இது ஆபத்தானது. கார் மோதி நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் சுழன்றால் மட்டுமே பம்ப் ஓடும்படி ஈசியூ வழியாக ரிலே அமைப்பதே முறை. வெப்ப சென்சாரையும் தனியாகப் பொருத்த வேண்டும்.

மாற்றும் வழிகள்

பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மொழிபெயர்ப்புப் பெட்டி. புதிய சென்சார் சொல்வதைப் பழைய ஈசியூவுக்குப் புரியும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் கருவி இது. சில கதவு சென்சார்களில் காற்று கூடக் கூட மின்னழுத்தம் குறையும். பெரும்பாலான சூட்டுக் கம்பிகளிலோ அது கூடும். ஆகவே 1.8 லிட்டர் காரின் சென்சாரை வாங்கி 1.6 லிட்டர் காரில் அப்படியே செருகிவிட முடியாது.

மற்றொன்று, ஈசியூவையே மாற்றி, புதியதை மேப் சென்சாருடன் இணைப்பது. செலவு அதிகம். ஆனால் இதுதான் சுத்தமான வழி. இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கணக்கு முழுவதும் அந்த இன்ஜின் எப்படிச் சுவாசிக்கிறது என்ற அட்டவணையை நம்பியே நடக்கிறது. நாளை கேம்ஷாஃப்ட்டையோ புகைபோக்கியையோ மாற்றினால் அட்டவணையையும் திருத்தியாக வேண்டும். சூட்டுக் கம்பி அப்படியல்ல. வந்த காற்றை அது நேராகவே அளக்கும். ஆனால் எண்ணெய் பூசிய காற்று வடிகட்டியைப் பொருத்தினால், அந்த எண்ணெய் கம்பியில் படிந்து அளவு பொய்த்துவிடும்.

இன்ஜினை உருக்கும் தவறு

சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னால் ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். அதோடு நிற்காது. இன்ஜினுக்குச் சுமை குறைவு என்று நம்பித் தீப்பொறியையும் சீக்கிரமே அடிக்கும். இரண்டும் சேர்ந்தால் உள்ளே டக்டக்கென்று தட்டும் சத்தம் எழும். தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாமல் போகலாம். மிதமான வேகத்தில், புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பிழையைக் கண்டு ஈசியூ திருத்திக்கொள்ளும். முழுமூச்சாக மிதிக்கும்போது பழைய ஈசியூக்கள் அந்த ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. தெம்பனிஸ் விரைவுச்சாலையில் பூனையாகப் போன கார், இரண்டாம் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் நெடுஞ்சாலையில் இன்ஜினை இழப்பது இப்படித்தான். ஆகவே, டைனோ எனப்படும் உருளைமேடையில் காரை நிறுத்தி, துல்லியமான கலவைமானியை மாட்டி, முழுச் சுமையிலும் சோதித்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

கழற்றும் முன் ஒரு சோதனை

பல நேரங்களில் குற்றவாளி சென்சாரே அல்ல. அதற்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெயிலிலும் சூட்டிலும் வெடித்திருக்கும். அளக்கப்படாத காற்று அந்த வெடிப்பு வழியே திருட்டுத்தனமாக நுழையும். முதலில் அந்தக் குழாயை மடக்கிப் பாருங்கள். பிறகு சென்சாரில் மின்னழுத்தமானியை இணைத்து, தகட்டை விரலால் மெதுவாகத் திறந்து மூடுங்கள். முள் தடங்கலில்லாமல் நகர்ந்தால் சென்சாரின் மேல் குற்றமில்லை. நடுவில் துள்ளினால் கரித்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இங்கு கார்களில் செய்யும் மாற்றங்களில் சிலவற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை, சிலவற்றுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், சிலவற்றுக்கு அறவே இடமில்லை. நீங்கள் செய்யப்போவது எந்த வகை என்பதைப் பொருள் வாங்கும் முன்பே ஆணையத்திடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. காக்கி புக்கிட்டிலோ ஊபியிலோ உள்ள பட்டறைக்காரர் சொன்னார் என்பது பரிசோதனை நிலையத்தில் செல்லாது. அங்கே புகை அளக்கப்படும். கலவை தவறாக இருந்தால் அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றிய பழைய சென்சாரை எறிந்துவிட வேண்டாம். 35 வயதைத் தாண்டிய கார்களைத் தொன்மை வாகனத் திட்டத்தில் பதிந்து, ஆண்டுக்கு 45 நாள் ஓட்ட இங்கு வழியுண்டு. 1989ல் வந்த எம்எக்ஸ்-5 அந்த வயதை 2024ல் எட்டிவிட்டது. வாங்க வருபவர் அசல் பாகங்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் கேட்பார். ஒயரிங்கை வெட்டாமல், வேண்டும்போது பழையபடி பொருத்தும் விதத்தில் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

சென்சாரை மாற்றினால் குதிரைத் திறன் கூடிவிடும் என்று சிலர் ஆசைகாட்டுவார்கள். கதவு விலகுவதால் கிடைக்கும் கூடுதல் சக்தி சொற்பமே. உண்மையில் கிடைப்பது நம்பகத்தன்மை: சாவியைத் திருப்பினால் கிளம்பும் கார், பரிசோதனையில் தேறும் கார், தட்டுப்பாடான ஒரு பாகத்தைத் தேடி அலைய வேண்டாத கார். அதற்காக மாற்றினால் மனநிறைவு உண்டு. வேகத்துக்காக மட்டும் மாற்றினால் வெள்ளி போனதுதான் மிச்சம்.