மறுபடியும் பந்தைக் கொடுத்தவர்



பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையே இருக்கும் காலி இடங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிட்டால் நான்கைந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஓர் ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே நிற்பவர் இன்னோர் ஆட்டத்தின் நடுவரோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார். புதிதாகப் பார்ப்பவருக்கு யார் எந்த அணி என்றே விளங்காது. விளையாடும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இருப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஓர் ஆட்டத்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வீசியவர் அணித் தலைவர், இருபது வயதைத் தாண்டிய இளைஞர். டென்னிஸ் பந்தில் நன்றாகச் சுழற்றுவார். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவன் பதினான்கு வயதுச் சிறுவன். அந்தப் பகுதிக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மட்டையாளர் இரண்டு முறை இறங்கி வந்து ஏமாந்தார். இரண்டு முறையும் பந்து சிறுவனின் கையில் நிற்கவில்லை. அடுத்த ஓவரில் ஒரு பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து நான்கு ரன்களுக்குப் போய்விட்டது. "டேய், எங்கடா பாக்குற?" என்று தலைவர் கத்தினார். அவ்வளவுதான், கீப்பிங் கையுறை வேறொருவன் கைக்குப் போனது. சிறுவன் கடைசி எல்லைக்கு அனுப்பப்பட்டான். அடுத்த இரண்டு ஞாயிறும் அவனைக் காணவில்லை.

தலைவரிடம் கேட்டேன். "பையன் நல்ல பையன்தான் சார். ஆனா அவன நம்பி வெளிய போற பால் போட முடியல. புடிப்பான்னு தெரிஞ்சாதானே நான் போடுவேன்?" என்றார்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பந்தைப் பிடிக்கத் தவறுகிறவனை எப்படி நம்புவது? நம்பிப் பந்தைத் தராவிட்டால் அவன் எப்படிப் பிடிக்கக் கற்றுக்கொள்வான்? எது முதலில் வரவேண்டும்?

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று அழைக்கும் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சிலர் பார்த்திருக்கலாம். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், ஒருவர்மேல் ஒருவர் விழுவது. நமக்கு அது மல்யுத்தம் போலத் தெரியும். ஆனால் அதில் நம் கேள்விக்குத் தேவையான ஒரு செய்தி இருக்கிறது. பந்தை எறிபவர் குவாட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். பல நேரங்களில் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து குவாட்டர்பேக்கின் கையை விட்டுப் போயிருக்கும். அவர் எறிவது ரிசீவர் நிற்கும் இடத்துக்கு அல்ல, வந்து சேரவேண்டிய இடத்துக்கு. இத்தனை அடி ஓடி இந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ரிசீவர் இரண்டடி முன்னதாகவே திரும்பிவிட்டால், யாரும் இல்லாத இடத்துக்கு வரும் பந்து எதிரணியின் கையில் போய் விழும். ஆகவே அங்கே புதியவர்மேல் வரும் பெரிய குறை பந்தை நழுவவிட்டான் என்பதல்ல. சொன்ன இடத்தில் இல்லை என்பதுதான். கை வழுக்குவதைப் பயிற்சி சரி செய்துவிடும். இவன் எங்கே இருப்பான் என்றே தெரியாவிட்டால் எறிகிறவரின் கை தயங்கும்.

நம் கிரிக்கெட்டில் சுழற்பந்து வீச்சாளருக்கும் கீப்பருக்கும் இடையே இருப்பதும் இதே உறவுதான். வலக்கையால் 'ஆஃப் ஸ்பின்' வீசுபவரின் பந்து தரையில் பட்டதும் வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே வரும். அதே ஆள் 'சொடக்கு பால்' போட்டால், அதாவது கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பந்தைப் பிடித்துச் சொடக்குப் போடுவதுபோல் சுண்டிவிட்டால், பந்து வெளியே போகும். உலகம் இதற்கு 'கேரம் பால்' என்று பெயர் வைத்தது. 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன்கள் கொடுத்து 6 விக்கெட் எடுத்தபோதுதான் பலருக்கும் இது தெரியவந்தது. சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது பழைய சரக்கு. எப்படியானாலும், ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பருக்கு மட்டையாளரின் உடம்பு பந்தை மறைத்துவிடும். எந்தப் பந்து வருகிறது என்று வீச்சாளரின் கையிலேயே படித்துக்கொள்ளாவிட்டால் அவர் கை தவறான பக்கம் போகும். அந்தச் சிறுவனுக்கு நேர்ந்தது அதுதான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

இந்த வித்தையைச் சென்னைத் தெருவிலிருந்து பெரிய மைதானத்துக்குக் கொண்டுபோனவர் ரவிச்சந்திரன் அஸ்வின். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவர். சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்தவர். பொறியியல் படித்தது நமக்கு அருகே, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எஸ்.எஸ்.என். கல்லூரியில். அவர் சேர்த்த விக்கெட்டுகளின் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537. நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய கதை.

2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் அவர் பெயர் இருந்தது. ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. முத்தையா முரளிதரன் இருந்த அணியில் இன்னொரு ஆஃப் ஸ்பின்னருக்கு எங்கே இடம்? 2009இல் இரண்டே ஆட்டங்கள். 2010 தொடரின் தொடக்கத்தில் வாய்ப்பு வந்தது, கூடவே அடியும் விழுந்தது. சில ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அந்த நாட்களில் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்த வலியை அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். திரும்ப வந்து ஆடினார், அந்த ஆண்டு சென்னை கோப்பையும் வென்றது. ஒரு புதியவரை நம்புவது என்றால் அவரை உட்கார வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறேன். உட்கார வைத்தவர்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் சாம்பியன்ஸ் லீக். செப்டம்பர் 17 அன்று அஸ்வினுக்கு 24 வயது நிறைந்தது. மறுநாள் போர்ட் எலிசபெத்தில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா அணியுடன் ஆட்டம் சமனில் முடிந்தது. வெற்றியைத் தீர்மானிக்க ஆளுக்கொரு ஓவர். ஆறு பந்து வீசப்போவது யார்? அந்த அணியில் உலகச் சாதனையாளர் முரளிதரன் இருந்தார். ஆனால் நான் போடுகிறேன் என்று முன்வந்தவர் அஸ்வின். அணித் தலைவரும் கீப்பருமான மகேந்திர சிங் தோனி பந்தை அவரிடம் கொடுத்தார். அந்த ஓவரில் 23 ரன்கள் போயின. சென்னை தோற்றது.

வாசகர்கள் ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். தானாகக் கை தூக்கிக் கேட்டு வாங்கிய ஓவர். மூத்தவரைத் தாண்டிக்கொண்டு வாங்கிய ஓவர். நம் அலுவலகத்தில், நம் பங்கு இளையோர் குழுவில், நம் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன பேசியிருப்போம்? "கேட்டு வாங்கினாயே, பார்த்தாயா?" என்ற ஒரு வாக்கியம் எத்தனை ஆண்டுக்கு ஓடியிருக்கும்! அந்தப் பிள்ளை அதன் பிறகு எதற்காவது கை தூக்குமா?

ஆறு மாதங்களுக்கு முன், 2010 மார்ச்சில், சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக இதேபோன்ற ஒற்றை ஓவரை வீசியவர் முரளிதரன். அன்றும் சென்னை தோற்றது. அனுபவம் இருந்தாலும் அந்த ஆறு பந்துகள் யாரையும் கவிழ்த்துவிடும் என்பது அந்த அணிக்குத் தெரிந்தே இருந்தது. தோற்றது வீச்சாளரின் குணக்கேடு அல்ல என்று பிரித்துப் பார்க்க அது உதவியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஊகம் இல்லாதது இது: தொடரின் எஞ்சிய ஆட்டங்களிலும் பந்து அஸ்வினிடம் போய்க்கொண்டே இருந்தது. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 26 அன்று, ஜோகன்னஸ்பர்க்கில் சென்னை கோப்பையை வென்றது. 13 விக்கெட்டுகளுடன் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அஸ்வின்.

2011 மே 28, சேப்பாக்கம், ஐ.பி.எல். இறுதியாட்டம். சென்னை 205 ரன்கள் எடுத்திருந்தது. ஆனால் எதிரே வருபவர் கிறிஸ் கெயில், அந்தத் தொடரிலேயே அதிக ரன்கள் குவித்தவர். புதுப்பந்தை வேகப்பந்து வீச்சாளரிடம் கொடுப்பதுதான் வழக்கம். தோனி அஸ்வினிடம் கொடுத்தார். கெயில் இடக்கை ஆட்டக்காரர். அவருக்கு ஆஃப் ஸ்பின் உள்ளே வராது, மட்டையை விட்டு விலகும். விலகும் பந்தின் பயன் மட்டையின் ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் பட்டால் பிடிக்கப் பின்னால் கை வேண்டும். முதல் ஓவரிலேயே அது நடந்தது. வீசியவர் அஸ்வின், பிடித்தவர் தோனி, கெயில் பூச்சியம். சென்னை 58 ரன்களில் வென்றது. வீசுகிறவருக்குப் பின்னால் இருப்பவர்மேல் நம்பிக்கை, பின்னால் இருப்பவருக்கு வீசுகிறவர்மேல் நம்பிக்கை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பந்து அந்த நேரத்தில் வீசப்பட்டிருக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2013 ஜூன் 23, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன். சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம், மழையால் 20 ஓவராகச் சுருங்கியது. முதலில் ஆடிய இந்தியா 129. இங்கிலாந்தின் ஜோனதன் டிராட்டை அஸ்வின் ஏமாற்ற, தோனி ஸ்டம்பிங் செய்தார். சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங் செய்த கைகள் அவை. ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 15 ரன்கள் தேவை என்று நின்றது. அந்த ஓவரைத் தோனி கொடுத்தது அஸ்வினிடம், ஒரே ஓவரில் 23 கொடுத்துத் தோற்ற அதே ஆளிடம்! 9 ரன்கள்தான் போயின. இந்தியா 5 ரன்களில் வென்றது.

2024 மார்ச்சில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எடுத்த பாராட்டு விழாவில், கெயிலுக்கு எதிராகப் புதுப்பந்தைத் தந்ததற்காகத் தோனிக்கு வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருப்பதாக அஸ்வின் சொன்னார். 500 விக்கெட்டுக்காகவும் 100 டெஸ்டுக்காகவும் பாராட்ட வந்த மேடையில், விக்கெட்டை விட, தன் கையில் வந்து சேர்ந்த ஒரு பந்தை நினைவுகூர்ந்தார்.

கதையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தோனி கொடுத்தார் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 23 ரன்கள் கொடுத்தவர் முகத்தை மறைத்துக்கொண்டு மூலையில் நின்றுவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடி பந்து வாங்க ஆயத்தமாக நின்றார். தவறிய புதியவர் செய்யவேண்டியது பெரிய மன்னிப்புக் கடிதம் அல்ல. எங்கே தவறினேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்தில் மறுபடி வந்து நிற்பதுதான். அதற்கு அவர் முதலில் மைதானத்துக்கு வரவேண்டும் அல்லவா? பெரும்பாக்கத்துச் சிறுவன் வரவே இல்லை.

இங்கே உள்ள குடும்பங்களில் பல, கூவம், அடையாறு கரைகளிலிருந்து இடம் மாற்றப்பட்டவை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஏராளம். இடம் மாறிய பிள்ளைக்குப் பள்ளி, தெரு, கூட்டாளிகள் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. பழைய தெருவில் ஒரு கேட்ச் விட்டால் கேலி செய்து மறந்துவிடுவார்கள். அவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். புது இடத்தில் அந்த ஒரு கேட்ச்தான் அவனுடைய முழு அடையாளம். மைதானத்தில் இடம் இல்லை என்று ஆனபின் அவன் எங்கே போய் நிற்பான், யாரோடு நிற்பான் என்பதை இந்தப் பகுதிப் பெற்றோருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இந்தக் கதையைத் தலைவரிடம் சொன்னேன். "இங்கிலாந்து மேட்ச் கடைசி ஓவர் தெரியும் சார், சின்ன வயசுல பாத்துருக்கேன். இருபத்திமூணு குடுத்தது தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அந்த வாரம் அவரே ஆறு மாடி ஏறிப் போய்ச் சிறுவனைக் கூப்பிட்டிருக்கிறார். வெளியே போகும் பந்து போடுவதற்கு முன் தொப்பியைத் தொடுவதாக இருவரும் பேசிக்கொண்டார்களாம். ஞாயிறு மாலை மறுபடி போய் நின்றேன். முதல் ஓவரில் ஒரு பந்து பையனைத் தாண்டி ஓடியது. தலைவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். மூன்றாவது ஓவரில் தொப்பியைத் தொட்டார். பந்து வெளியே திரும்பியது, மட்டையாளர் இறங்கி வந்து ஏமாந்தார். சிறுவனின் கைகள் முன்கூட்டியே அந்தப் பக்கம் போயிருந்தன. பந்து கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது.

"பரவால்லடா, எடம் கரெக்ட்டு" என்றார் தலைவர். பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தவர், ஓடத் தொடங்குமுன் மறுபடியும் தொப்பியைத் தொட்டார்.