ராமன் எந்தப் பாணி?

வானரங்கள் சேது கட்டியது ராமேஸ்வரம் கரையில் என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்தக் காட்சியை ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’வில் வரைந்து ஓடவிட்டவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர். இயக்குநர்கள் யூகோ சாகோ, கோயிச்சி சசாகி, கூடவே நம் ராம் மோகன். 1992-இல் முடிந்த இந்தப் படம் 2025 ஜனவரி 24-இல் தமிழ் பேசியும் தியேட்டருக்கு வந்தது. உடனே பழைய வழக்கு: இது அனிமேயா (ஜப்பானிய அனிமேஷனா), இல்லையா?

ஜப்பானில் வரைந்தது, ஆகவே அனிமே என்கிறார்கள் சிலர். கதை, உடை, பாட்டு எல்லாம் நம்முடையது, அது எப்படி அனிமே ஆகும் என்கிறார்கள் மற்றவர்கள். 1980-களில், படம் திட்டமாக இருந்தபோதே, யாருடைய ராமன் என்ற வழக்கு எழுந்தது; அது விளையாட்டாக இல்லை. அந்நியர் ராமாயணத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று விசுவ ஹிந்து பரிஷத் எதிர்ப்புக் கடிதம் எழுதியது; இந்திய அரசும் பின்வாங்கியது. படத்தை ஜப்பானிலேயே எடுக்க வேண்டியதாயிற்று.

பெரிய கண்தான் அனிமேவுக்கு அடையாளம் என்றால், ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்! ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், சுமார் 1720-இல் தீட்டிய சுவர்கள் அவை. பக்கவாட்டு முகங்களில் அகன்ற கண்கள். பட்டை பட்டையாக ராமாயணம் ஓடுகிறது. அதே ராமன் கட்டத்துக்குக் கட்டம் திரும்ப வருகிறான். அங்கே படம் அசைவதில்லை, பார்ப்பவர் நடக்கிறார்.

கலை நூல்கள் இதை ‘நாயக்கர் பாணி’ என்றே சொல்கின்றன. தப்பில்லை, ஓவியரின் கை அந்தப் பாணியில் பழகியதுதான். ஆனால் மதுரை நாயக்கர் மேலாண்மையை முந்தைய மன்னர் கிழவன் சேதுபதி ஏற்கெனவே உதறிவிட்டார். சுவரும் அதையே பேசுகிறது: தேவி ராஜராஜேஸ்வரி சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள், ஐரோப்பியர் அவரைக் காண வருகிறார்கள், தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. கை நாயக்கர் கை, குரல் சேதுபதியுடையது. சாகோ படத்திலும் அனிமே என்ற பெயர் கையைச் சொல்கிறது. யாருடைய ராமன் என்று அது சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம்.

அரண்மனையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ‘சேதுபதி ஓவியம், நாயக்கர் கைப்பழக்கம்’ என்று இரண்டையும் பலகையில் எழுதி வைக்கலாம். தொல்லியல் துறைக்கு ஒரு வரி பெயின்ட்தான் கூடுதல் செலவு.