விலைக்கும் மன்னிப்புக்கும் நடுவே ஓர் எழுத்து

ஓர் அதிகாரியை ஆங்கிலத்தில் 'வீனல்' என்று எழுதினால், அவர் காசுக்கு விலைபோகிறவர் என்று அர்த்தம். அவர் செய்ததை 'வீனியல்' என்று எழுதினால், போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய சின்னத் தவறு என்று அர்த்தம். இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு 'ஐ'. லஞ்ச வழக்குச் செய்தியில் அந்த எழுத்து வேண்டாத இடத்தில் நுழைந்தால், கோர்ட் விசாரிப்பதற்கு முன்பே பத்திரிகை அவரை மன்னித்ததாகிவிடும்.

இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவைதான். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. 'வீனல்' பிறந்தது விற்பனையைக் குறிக்கும் 'வேனும்' என்ற சொல்லிலிருந்து. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் முத்திரைத்தாள் விற்கும் வெண்டரின் பெயருக்கும் அதுவே வேர். 'வீனியல்' வந்தது 'வேனியா'விலிருந்து. அதற்கு மன்னிப்பு, தயவு என்று பொருள்.

ஆங்கிலத்துக்குள் முதலில் நுழைந்தது வீனியல்தான், தேவாலயத்தின் வழியாக. நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்கு இது புதிதல்ல. ஞானோபதேச வகுப்பில் படித்த 'அற்பப் பாவம்' இதுதான். அதற்கு எதிர்ப்பக்கம் 'சாவான பாவம்'. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், தெரிந்து செய்திருக்க வேண்டும், முழு மனதோடு சம்மதித்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். சாவான பாவங்களைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும், அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை என்று 1551-இல் திரெந்துப் பொதுச்சங்கம் வரையறுத்தது.

இன்றைய ஆங்கிலத்திலும் வீனியல் பெரும்பாலும் செயலோடுதான் ஒட்டும்: பாவம், பிழை, குறை. வீனல் ஆளோடும் பதவியோடும் ஒட்டும். குழப்பம் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பதவியோடு ஒட்டிய கதை பிரான்ஸில் நீளமானது. அங்கே நீதிபதிப் பதவியையே மன்னர் விலைக்கு விற்றார். வாங்கியவர் அதை மகனுக்கோ மருமகனுக்கோ விட்டுக்கொடுக்கலாம்; ஆனால் விட்டுக்கொடுத்த பிறகு 40 நாள் உயிரோடிருக்க வேண்டும். அதற்குள் கண்ணை மூடினால் பதவி மன்னருக்கே திரும்பும், போட்ட பணம் போனதுதான். 1604-இல் நான்காம் ஹென்றியின் அரசு இந்தப் பயத்துக்கும் ஒரு விலை வைத்தது. பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டினால் 40 நாள் விதி கிடையாது. அந்த வரியை முதலில் குத்தகைக்கு எடுத்த ஷார்ல் போலேயின் பெயரால் அதற்குப் 'போலெத்' என்று பெயர். அப்புறம் நீதிபதி நாற்காலி நிலம் வீடு போலக் குடும்பச் சொத்தாகிவிட்டது.

தத்துவஞானி மான்டெஸ்கியூவே 1716-இல் போர்தோ நீதிமன்றத்தின் உயர் பதவியைப் பெரியப்பாவிடமிருந்து சொத்தாகப் பெற்றார். 1726-இல் அதை விற்றார். 1748-இல் வெளிவந்த தம் பெருநூலில், முடியாட்சிக்கு இந்த முறை நல்லது என்று வாதாடவும் செய்தார். எனக்கு அவர் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. இந்த வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தைப் பணம் உள்ளவர் மட்டுமே எட்ட முடியும் என்றால், இல்லாதவன் எங்கே போவான்? 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரெஞ்சு தேசிய மன்றம் இதற்கு முடிவுகட்டியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பதவிகளை வரலாற்று ஆசிரியர்கள் 'வீனல்' என்று எழுதும்போது லஞ்சத்தைச் சொல்லவில்லை; சட்டப்படி விற்கப்பட்ட பதவி என்று மட்டுமே சொல்கிறார்கள். இன்றைய அரசியல்வாதி மேல் அதே சொல் விழுந்தால், அது முழுக் குற்றச்சாட்டு.