பருந்து எது, ராஜாளி எது?

ஆகாயத்தில் வட்டமிடும் பட்சி எதுவாயினும் அதற்குப் 'பருந்து' என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுவது நம்மவர் வழக்கம். தெருவில் போகிறவர்களையெல்லாம் 'ஐயா' என்று அழைத்துவிட்டு, ஒருவர் பெயரையும் அறியாதிருப்பது போன்றதே இது.

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் மேலே பறப்பவற்றை முதற்பாடமாகக் கொள்ளலாம். உயரத்தில் நிறம் ஏமாற்றும். வாலும் இறக்கையுமே உண்மை சொல்லும். வாலின் நுனி நடுவே பிளவுபட்டிருந்தால் அது கரும்பருந்து. வால் விசிறிபோல் வளைந்து முடிந்து, செம்பழுப்பு உடலும் வெள்ளைத் தலையும் தெரிந்தால் கருடன். குட்டையான இறக்கைகளைச் சிலமுறை விரைவாக அடித்து, பிறகு சற்றே மிதந்து, மீண்டும் அடித்துச் செல்வது வைரி. தோப்புகளில் ஓணானும் அணிலும் அதற்கு இரை.

மேலூர் மார்க்கமாகச் சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் அரிட்டாபட்டி. அங்குள்ள பாறைக் குன்றுகளில்தான் பாடம் கடினமாகிறது. இறக்கை அரிவாள்போல் கூர்மையாக இருந்தால் அது வல்லூறு இனம். கரிய தலைக்கவசமும் செம்மை படர்ந்த வயிறும் உடையது ஷாஹீன். பறக்கும் பறவையை அந்தரத்திலேயே பாய்ந்து அடிக்கும். அதைவிட மெலிந்து, பழுப்பேறி, கண்ணுக்குக் கீழே மெல்லிய மீசைக் கோடும் வெண்மையான மார்பும் கொண்டது லகுடு. அகன்ற கரிய இறக்கைகளுக்கு நடுவே வெண்மையான உடலும், வாலின் ஓரத்தில் கறுப்புப் பட்டையும் தெரிந்தால் அதுவே ராஜாளிக் கழுகு. இளம் பறவைகளின் நிறம் மாறுபடுமாதலால், ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாகாது. இரண்டு மூன்றைச் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இதனால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். 2022 நவம்பரில், அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசாங்கம் அறிவித்தது. அங்குள்ள சுமார் 250 பறவை வகைகளுள் தனித்துப் பெயர் கூறப்பட்டவை இந்த மூன்று வேட்டைப் பறவைகளே. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவானபோது, ஜனங்கள் திரண்டெழுந்து, நிலத்தோடும் ஏரியோடும் கோயிலோடும் அப்பறவைகளுக்காகவும் வாதாடினர். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசாங்கம் அந்த ஏலத்தை ரத்து செய்தது.

'ஏதோ ஒரு பருந்து' என்று கண்டவர்கள் எல்லோரும் போயிருந்தால், அந்த அறிவிப்பில் எழுதுவதற்குப் பெயரே இருந்திராது. பெயர் அறியாத ஒன்றுக்காக வழக்காட எவரும் முன்வருவதில்லை. ஆகையால், வீட்டுக் குழந்தை அண்ணாந்து பார்த்து 'அதோ பருந்து!' என்று கூவினால், 'வால் எப்படியிருக்கிறது? பார்த்துச் சொல்' என்று கேளுங்கள்.