டிகிரியில மார்க் கம்மி... எம்பிஏ சீட் கிடைக்குமா? அரியர் வெச்சவங்களுக்கான கைடு!

இன்ஜினீயரிங் முடித்து ஐடி கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. `அடுத்து எம்பிஏ பண்ணலாமா' என்று ஒரு யோசனை. ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு, போனில் அப்ளிகேஷனைத் திறக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு மார்க்... கெத்தாக டைப் செய்கிறீர்கள். ப்ளஸ் டூ... பரவாயில்லை. அடுத்த கட்டத்தில் டிகிரி சிஜிபிஏ கேட்கிறது. 6.2. அங்கேயே விரல் நின்றுவிடுகிறது. `இந்த மார்க்கை வெச்சுக்கிட்டு நமக்கெல்லாம் யாரு சீட் கொடுப்பா?' என்று அப்படியே மூடிவைத்துவிடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! அந்த 6.2-வை இனி மாற்ற முடியாது, நிஜம்தான். ஆனால், அது எந்த இடத்தில் உங்களைத் தடுக்கிறது, எந்த இடத்தில் தடுக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் கேள்வி: அப்ளை பண்ணவே முடியுமா?

ஐஐஎம்கள் நடத்தும் `கேட்' தேர்வுக்கு டிகிரியில் 50% மார்க் இருந்தால் போதும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45%. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் `டான்செட்' தேர்வுக்கும் பொதுப்பிரிவில் 50%, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45%. அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சிஜிபிஏ-வை பத்தால் பெருக்கிப் பாருங்கள். 6.2 என்றால் 62%. ஆக, நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள்.

எக்ஸ்எல்ஆர்ஐ ஜனவரியில் நடத்தும் `எக்ஸாட்' தேர்வுக்கு ஒரு டிகிரி இருந்தால் போதும். குறைந்தபட்சம் இத்தனை சதவிகிதம் வேண்டும் என்ற நிபந்தனை அதற்குக் கிடையாது.

ஃபைனல் இயரில் இருப்பவர்களும் `கேட்' எழுதலாம். ஆனால், ஒரு விஷயத்தில் கவனம். கல்லூரியில் சேரும் நேரத்தில் எல்லா பேப்பரும் முடிந்திருக்க வேண்டும். அரியர் பாக்கி இருந்தால், `கேட்' புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பு முதலில் அதை க்ளியர் பண்ணுங்கள்.

அப்போ பிரச்னை எங்கே?

தேர்வு எழுதுவது வேறு, நேர்காணலுக்கு அழைப்பு வருவது வேறு. பல ஐஐஎம்கள் `கேட்' ஸ்கோரோடு பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, டிகிரி மார்க், வேலை அனுபவம் என எல்லாவற்றுக்கும் வெயிட்டேஜ் கொடுத்து ஒரு பட்டியல் போடுகின்றன. பயம் இங்கேதான் தொடங்குகிறது. அதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு, ஒரு கல்லூரி டிகிரி மார்க்குக்கு 100-க்கு 10 வெயிட்டேஜ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நண்பர் 8.0. அவருக்கு 8 மார்க். உங்களுக்கு 6.2. வித்தியாசம் 1.8 மார்க்தான். `இவ்ளோதானா?' என்று தோன்றும். ஆனால், ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கும் பட்டியலில் 1.8 மார்க் என்பது சின்ன விஷயமில்லை. அதை வேறு எங்காவது சம்பாதித்தாக வேண்டும். அதே கல்லூரி டிகிரிக்கு 20 வெயிட்டேஜ் கொடுத்தால், பள்ளம் 3.6 மார்க்காக ஆழமாகிவிடும்.

அதனால், `நல்ல காலேஜ் எது?' என்று கேட்பதற்கு முன்பு, `டிகிரி மார்க்குக்கு இந்த காலேஜ் எவ்வளவு வெயிட்டேஜ் தருது?' என்று கேளுங்கள். ஒவ்வொரு ஐஐஎம்-மும் தன் தேர்வு முறையை வருடாவருடம் இணையதளத்தில் வெளியிடுகிறது. நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலில் டிகிரி மார்க்கையே சேர்க்காத இடங்களும் உண்டு. ஐஐஎம் கல்கத்தா பல ஆண்டுகள் அப்படித்தான் செய்திருக்கிறது. பள்ளியில் நன்றாகப் படித்து, காலேஜில் கோட்டைவிட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய உதவி. விதிமுறை மாறக்கூடியது என்பதால், நீங்கள் அப்ளை பண்ணும் வருடத்தின் ஆவணத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால், இன்னொரு கதவும் இருக்கிறது. ஐஎஸ்பி-யின் ஒரு வருட பிஜிபி படிப்பும், வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்களும் ஜிமேட் அல்லது ஜிஆர்இ ஸ்கோர், கட்டுரைகள், வேலையில் நீங்கள் செய்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. சிஜிபிஏ-வும் அங்கே கண்ணில் படும். ஆனால், ஃபார்முலாவில் போட்டு வடிகட்ட மாட்டார்கள். இந்த இரண்டு ஸ்கோரும் ஐந்து வருடம் செல்லும். `கேட்' ஸ்கோர் அந்த வருட அட்மிஷனுக்கு மட்டும்தான்.

அவங்களுக்கு என்ன சந்தேகம்?

மார்க் ஷீட்டைப் பார்க்கும் கல்லூரி, `இவன் நல்லவனா, கெட்டவனா?' என்று தீர்ப்பு சொல்வதில்லை. எம்பிஏ முதல் வருடத்தில் அக்கவுன்டிங், புள்ளியியல், பொருளாதாரம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். `இதை இவர் தாங்குவாரா, பாதியில் திணறுவாரா?' என்பதுதான் அவர்களுடைய சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு நீங்கள் தரவேண்டியது புது ஆதாரம்.

* தேர்வு ஸ்கோர்: `கேட்' தேர்வில் மொழித்திறன், டேட்டா - லாஜிக், கணிதம் என மூன்று பகுதிகள், தலா 40 நிமிடம். மொத்த ஸ்கோர் எகிறினாலும், ஒரு பகுதியில் கட்-ஆஃப் தவறினால் கதை முடிந்தது. டிகிரியில் மார்க் குறைந்தவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது தங்களுடைய பலவீனமான பகுதியை. டிகிரியில் கணக்குப் பேப்பரில்தான் அரியர் என்றால், கணிதப் பகுதியில் நீங்கள் வாங்கும் நல்ல ஸ்கோரே உங்கள் பதில்.

* புதிய சான்றிதழ்: ஐஐடி-க்களும் ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து நடத்தும் `என்பிடெல்' தளத்தில் படிப்பது இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதை நேரில் சென்டருக்குப் போய் எழுத வேண்டும். புள்ளியியல், அக்கவுன்டிங் என்று இரண்டு கோர்ஸ் முடித்து நல்ல மார்க் வாங்குங்கள். பழைய மார்க்கை இது அழிக்காது. ஆனால், `அப்போ அப்படி. இப்போ இப்படி' என்று காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

* வேலை: `டீமில் இருந்தேன்' என்பது போதாது. எதை மாற்றினீர்கள், அதனால் எவ்வளவு நேரம் அல்லது பணம் மிச்சமானது என்று எண்ணோடு சொல்லுங்கள். ஐஐஎம் ஃபார்முலாக்களில் அனுபவத்துக்கான மார்க் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. அதனால், வருடங்களைச் சேர்ப்பதற்காக மட்டும் காத்திருக்காதீர்கள்.

`ஏன் மார்க் கம்மி?'

நேர்காணலில் இந்தக் கேள்வி வரும். எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பலரும் இங்கே செய்யும் தப்பு, வாத்தியாரையும் சிலபஸையும் குறை சொல்வது. இல்லையென்றால், `மார்க் முக்கியமில்ல சார்' என்று தத்துவம் பேசுவது. இரண்டுமே எடுபடாது.

நான்கு வரி போதும். நடந்தது என்ன, அதில் உங்கள் பங்கு என்ன, பிறகு என்ன மாறியது, இப்போது அதற்கு ஆதாரம் என்ன. இப்படி...

"முதல் நாலு செமஸ்டர்ல அஞ்சு அரியர் வெச்சேன் சார். தமிழ் மீடியத்துல இருந்து வந்ததால கிளாஸ் புரியலை. ஆனா, யார்கிட்டயும் கேக்காம இருந்தது என் தப்பு. மூணாவது வருஷம் சீனியர்ஸோட உட்கார்ந்து படிச்சு, எல்லாத்தையும் க்ளியர் பண்ணினேன். கடைசி ரெண்டு செமஸ்டர் மார்க் எட்டுக்கு மேல."

உங்கள் வீட்டில் உடல்நலப் பிரச்னையோ பணக்கஷ்டமோ இருந்திருந்தால், அதையும் சொல்லலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால், இல்லாத கஷ்டத்தை உருவாக்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டால் சாயம் வெளுத்துவிடும். சும்மா ஊர் சுற்றினேன் என்றால், அதையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

இன்னொன்று... `உனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட் எது?' என்று டிகிரிப் பாடத்தில் இருந்தே கேள்வி வரும். மார்க் குறைந்தவர்களை இதில் கொஞ்சம் அதிகமாகவே நோண்டுவார்கள். இரண்டு பாடங்களை அடிப்படையில் இருந்து திரும்பப் படித்துவிட்டுப் போங்கள்.

பயத்தை விற்பவர்கள்... உஷார்!

மார்க் குறைந்தவர்களுக்கு உண்மையான ஆபத்து, சீட் கிடைக்காமல் போவது இல்லை. `உங்க மார்க்குக்கு இதுவே பெரிசு, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்க' என்று போனில் வரும் குரல்தான். `நமக்கு இது போதும்' என்ற தாழ்வு மனப்பான்மையில், அப்பாவின் சேமிப்பையும் கல்விக்கடனையும் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறோம். எம்பிஏ ஃபீஸ் பல லட்சம். மாதத் தவணை ஆரம்பிக்கும்போது, அட்வான்ஸ் வாங்கிய அந்தக் குரல் போனை எடுக்காது.

பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். ஏஐசிடிஇ அல்லது யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா? சராசரி சம்பளத்தை விடுங்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு? பத்து பேரில் ஒருவருக்கு 50 லட்சம் கிடைத்தால் சராசரி தானாக ஏறிவிடும்; வரிசையில் நடுவில் நிற்பவருக்குக் கிடைப்பதுதான் மீடியன். மூன்றாவது, மொத்த மாணவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? பதில் மழுப்பலாக வந்தால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒரு வருடம் காத்திருந்து மறுபடி தேர்வு எழுதுவது அதைவிட மலிவு. `கேட்' தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று கல்லூரிகளின் தேர்வு முறை ஆவணத்தை டவுன்லோடு செய்து, உங்கள் மார்க்குகளைப் போட்டுப் பாருங்கள். எங்கே எவ்வளவு குறைகிறது, அதை ஈடுகட்ட `கேட்' தேர்வில் எவ்வளவு வேண்டும் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். அதன்பிறகு, அன்றைக்கு மூடிவைத்த அந்த அப்ளிகேஷனைத் திரும்பத் திறங்கள். சிஜிபிஏ கட்டத்தில் 6.2 என்று டைப் செய்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போங்க!