அரங்குக்குள் ஒரு குடும்பச் சண்டை

எது யூதப் பண்பாடு, அதை யார் தீர்மானிப்பது? சான்ஃபிரான்சிஸ்கோவின் திரைப்பட விழா ஒன்று கிளப்பிய கேள்வி இது.

2009-இல் சுமார் 1,400 பேர் அமரக்கூடியதாக இருந்த காஸ்ட்ரோ தியேட்டர் சான்ஃபிரான்சிஸ்கோவின் பெருமைகளில் ஒன்று. 2009 ஜூலையில் அங்கே படம் தொடங்கும் முன்பே கூச்சல் தொடங்கிவிட்டது. மேடையில் பேசியவரை எதிர்த்து ஒரு தரப்பு கத்த, ஆதரித்து மறுதரப்பு கத்தியது. இரு தரப்பிலும் யூதர்கள். நடந்துகொண்டிருந்ததோ யூதத் திரைப்பட விழா.

சர்ச்சைக்குக் காரணம், 'ரேச்சல்' என்ற ஆவணப்படம். 2003 மார்ச்சில் காஸாவின் ரஃபா நகரில், பாலஸ்தீனர்களின் வீடுகள் இடிக்கப்படுவதைத் தடுக்க நின்ற 23 வயது அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரி, இஸ்ரேலிய ராணுவ புல்டோசரில் சிக்கி இறந்தார். விபத்து என்றது ராணுவம். ஏற்க மறுத்தது குடும்பம். படத்தை எடுத்தவர் மொராக்கோவில் பிறந்த யூதரான சிமோன் பிட்டன். படத்தைத் தேர்ந்தெடுத்ததோடு விழாக் குழு நிற்கவில்லை. ரேச்சலின் தாயாரையும் பேச அழைத்தது. எதிர்ப்பு வலுத்ததும், இஸ்ரேல் ஆதரவாளர் ஒருவருக்கும் மேடை தரப்பட்டது. இதில் எந்தத் தரப்புக்கும் திருப்தியில்லை. விழாக் குழுத் தலைவர் பதவி விலகினார். நன்கொடையாளர்களும் கண்டித்தனர்.

டிக்கெட் வசூலை மட்டும் நம்பி இத்தகைய விழாக்கள் நடப்பதில்லை. அறக்கட்டளைகளும் சமூக அமைப்புகளும் தரும் பணம்தான் அச்சாணி. 2010-இல் அந்நகரின் யூதக் கூட்டமைப்பு, இஸ்ரேலின் இருப்புரிமையை மறுக்கும் அல்லது அந்நாட்டைப் புறக்கணிக்கக் கோரும் நிகழ்ச்சிகளுக்கு நிதி கிடையாது என்று விதி வகுத்தது. வரம்பு வேண்டும் என்றார்கள் சிலர். கேள்வி கேட்பதே யூத மரபு, அதற்கு வாய்ப்பூட்டா என்றார்கள் மற்றவர்கள்.

விழா பிறந்ததே கேள்வியில்தான். ஹாலிவுட் காட்டிய வார்ப்பு யூதர்களுக்கு மாற்றாக, சுயேச்சையான படங்களைத் திரையிட 1980-களின் தொடக்கத்தில் டெபோரா காஃப்மன் இதைத் தொடங்கினார். இவ்வகை விழாக்களில் இதுவே மிகப் பழமையானது. 1990-இல், சோவியத் ஒன்றியம் சிதறுவதற்கு முந்தைய ஆண்டு, மாஸ்கோவிலும் யூதப் படங்களை இக்குழுவினர் திரையிட்டனர். பின்னர் விழாவிலிருந்து விலகிய காஃப்மன், ஆலன் ஸ்னிடோவுடன் சேர்ந்து 2011-இல் 'பிட்வீன் டூ வேர்ல்ட்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அமெரிக்க யூதர்களின் உள்பூசலைப் பற்றிய அந்தப் படத்தில் காஸ்ட்ரோ அரங்கின் கூச்சலும் இடம்பெற்றது. விழாவை உருவாக்கியவருக்கு விழாவே கதையானது.

அடையாளம் என்றால் அரசியல் மட்டுமல்ல என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. ஆஸ்திரேலியரான டேனி பென்-மோஷேயின் 'ஷாலோம் பாலிவுட்' (2017) யூதத் திரைப்பட விழாக்களில் வலம்வந்த ஆவணப்படம். மௌனப் பட நட்சத்திரம் சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். 'ஸ்ரீ 420' நாதிரா, ஃப்ளாரன்ஸ் எஸக்கியேல். 'பூட் பாலிஷ்' படத்தில் ஜான் சாச்சாவாக மனதைக் கவர்ந்த டேவிட், பெனே இஸ்ரேல் சமூகத்தவர். நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிக்கத் தயங்கிய காலத்தில் யூதப் பெண்கள் துணிந்து முன்வந்தார்கள். ரசிகர்கள் கைதட்டினார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு நட்சத்திரங்களின் மதம் தெரியாது.

இங்கே அடையாளம் பெயருக்குப் பின்னால் மறைந்தது. அங்கே அது மைக்கைப் பிடித்துச் சண்டையிட்டது. இரண்டையும் ஒரே வகை விழாவில் பார்க்க முடிகிறது என்பதே இவ்விழாக்களின் பலம். 2009-இல் அத்தனை அமளிக்குப் பிறகும் 'ரேச்சல்' திரையிடப்பட்டது. அந்தத் தாயாரும் பேசினார்.